நடையில் ஆறு புதுப் பலகைகள்

புதுப் பலகை போட்ட மறுநாள் காலை என் மாமனார் நடையின் நடுவில் வந்து நின்றுவிட்டார். பின்பக்க அறையில் இருந்து முன்பக்கத்து ஜன்னலுக்குப் போகும் அந்த நடையில் அவர் பிறந்ததிலிருந்து நடந்திருக்கிறார். அன்றைக்கு, கால் கட்டை விரலைப் பழைய பலகையின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி குனிந்து பார்த்தார்.

"ஏன் மாமா நின்னுட்டீங்க?"

"குழி வெட்டியிருக்குது கண்ணு. அக்கட்டால எப்படிப் போறது?"

நானும் குனிந்து பார்த்தேன். குழி எதுவும் இல்லை. பழைய பலகைகள் கருப்பட்டி நிறத்தில் வந்து நின்ற இடத்தில், இழைத்த புதுத் தேக்கு வெளிர் மஞ்சளாகத் தொடங்கியது. மூன்று தப்படி தூரத்துக்கு அந்த மஞ்சள். பிறகு மறுபடியும் கருப்பட்டி நிறம். நான் அதன் மேல் ஏறி நின்று, குதித்தும் காட்டினேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்து இழுத்தார்.

எங்கள் வீட்டில் கீழ்த்தளம் முழுக்க என் கணவரின் தையல் யூனிட். குடியிருப்பு மேலே, மச்சில். தேக்கு உத்தரங்களின் மேல் பலகை பரப்பிய அந்தக் காலத்து மச்சு. மாமனாருக்குத் திருப்பூர்க் காதர்பேட்டையில் பனியன் கடை இருந்தது. இரண்டு வருடமாக மறதி நோய். என் பெயர் அவருக்குத் தெரியாது. 'கண்ணு' என்று கூப்பிட்டுச் சமாளித்துக்கொள்வார். ஆனால் நடப்பதை மட்டும் மறக்கவில்லை. காலையில் எழுந்ததும் ஜன்னலுக்குப் போவார், சாலையைப் பார்ப்பார், திரும்புவார், மறுபடி போவார். குளியலறையும் முன்பக்கம்தான்.

அந்தப் பலகைகளை மாற்றச் சொன்னது நான். நடைக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டி கசிந்து, இரண்டு உத்தரங்களுக்கு நடுவில் ஆறு பலகைகளும் ஊறிப் போயிருந்தன. மிதித்தால் அமுங்கின. எங்கள் மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கியிருந்தாள். அவள் கால் உள்ளே போய்விடுமோ என்று நான் நாளுக்கு நான்கு தடவை சொல்லிச் சொல்லி, ஆசாரியை வரவழைத்து, இற்ற பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் புதுத் துண்டுகள் போட வைத்தேன். மகளுக்காக மூடிய பள்ளம் மாமனாருக்குத் திறந்துகொண்டது. அந்தப் பலகைகள் இன்னும் ஒரு வருடம் தாங்கியிருக்குமோ என்று இப்போதும் சிலசமயம் யோசிக்கிறேன்.

டாக்டரிடம் போனில் கேட்டோம். "தரையில நிறம் சட்டுனு மாறுனா அவங்களுக்குப் பள்ளம் மாதிரித் தெரியும். இழுத்துட்டுப் போகாதீங்க, விழுந்துருவாங்க. ஆனா நடையை மட்டும் நிறுத்த விட்டுடாதீங்க. இந்த வயசுல நின்னுபோனா மறுபடி ஆரம்பிக்கறது ரொம்பக் கஷ்டம்" என்றார். இழுக்கவும் கூடாது, நிற்கவிடவும் கூடாது.

பாய் விரித்துப் பார்த்தோம். பாயே இன்னொரு குழியாகிவிட்டது. நான் ஒரு கை, என் கணவர் ஒரு கை பிடித்து நடத்தியபோது, மஞ்சள் தொடங்கும் இடத்தில் அப்படியே கீழே உட்கார்ந்துகொண்டார். கீழே மெஷின் ஓடும் இடத்தில் அவரைக் கொண்டுபோய் வைக்கவும் வழியில்லை. அறைக்குள்ளேயே கழிப்பறை நாற்காலி வாங்கிப் போட்டோம். ஐந்தாவது நாள் கட்டிலில் இருந்து எழுந்திருக்க அவருக்கு இரண்டு முயற்சி தேவைப்பட்டது. முதல் முயற்சியில் முழங்கால்கள் நடுங்கி, மறுபடி உட்கார்ந்துவிட்டார். என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனார். எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கும் மனுஷி அவர்.

ஆசாரி எளிதாகச் சொன்னார். "டப்பாவுல கலர் வருதுங்க அம்மிணி. ரெண்டு கோட் அடிச்சுட்டா பழசு புதுசு தெரியாதுங்க."

அவர் கொண்டுவந்த டப்பாவில் சிறிய எழுத்தில் இருந்ததையெல்லாம் படித்தேன். எச்சரிக்கைப் படங்களும் இருந்தன. என் மகளுக்குத் தரையில் விழுந்த எதையும் எடுத்து வாயில் வைக்கும் வயது. சிலசமயம் தரையையே நக்குவாள்.

"ரெண்டு நாளைக்குப் பாப்பாவ அம்மாயி ஊட்ல உட்டுட்டு அடிச்சுக்கலாம். வாசம் போயிரும்" என்றார் என் கணவர்.

"வாசம் போயிருமுங்க. இவ நக்கறது போகுமா?"

அவர் டப்பாவை மூடி வைத்தார்.

குழந்தை பிறக்கும்வரை நான் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். சரக்கு வாங்கும் பையர் ஒரு துணித் துண்டை அனுப்பி, இந்த நிறத்தில் வேண்டும் என்பார். டையிங்காரர்கள் மூன்று சின்னத் துண்டுகளைச் சாயம் போட்டு ஏ, பி, சி என்று ஒட்டித் தருவார்கள். லேப் டிப் என்போம். அதை வெளிச்சப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்து, இது சற்றே சிவப்பு, இது சற்றே மங்கல் என்று சொல்வதுதான் என் வேலையில் பாதி. அப்படிப்பட்டவள் ஆறு பலகைக்கு நிறம் சேர்க்க முடியாதா என்று ஒரு தைரியம் வந்தது. வந்த உடனே பயமும் வந்தது. துணிக்குத் தவறினால் இன்னொரு துணி உண்டு. இவருக்கு எத்தனை நாள் உண்டு?

கல்லூரியில் ஜவுளிப் படிப்பில் கடுக்காயையும் இரும்பையும் வைத்துச் சாயம் போட்டுப் பார்த்திருக்கிறோம். அது நினைவுக்கு வந்தது. கடுக்காய்ப் பொடியைக் கஷாயமாகக் காய்ச்சினேன். இற்ற பலகையில் இருந்து பிடுங்கிய துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறப்போட்டேன். திருப்பூரில் துரு என்றால் பகை. வெள்ளைப் பனியனில் கடுகளவு துருப் புள்ளி இருந்தாலும் அது ரிஜெக்ட். கீழே செக்கிங் மேசையில் அதற்கென்று கண்ணைக் கூர்மையாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே நான் துருவைப் பாட்டிலில் வளர்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசாரி விட்டுப்போன புதுத் தேக்குத் துண்டுகளில் முதல் துண்டுக்குக் கஷாயம் பூசிக் காயவிட்டேன். அதன் மேல் துருத் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றினேன். அந்தத் தண்ணீருக்கு நிறமென்று சொல்ல ஒன்றும் இல்லை. பலகை ஈரமானது, அவ்வளவுதான். ஏமாந்துபோய்ப் பஞ்சைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், மரத்தின் வரிகளுக்குள் சாம்பல் நிறம் எழும்பிக்கொண்டிருந்தது. நான் பூசியதாகத் தெரியவில்லை. மரம் உள்ளேயிருந்து கறுத்தது. ஒரு வரி முதலில், அதன் பக்கத்து வரி பிறகு, ஒவ்வொன்றும் தனக்கான நேரத்தில். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். லேப் டிப் துண்டுகளை வாரம் முழுக்கக் கையாண்டிருக்கிறேன். நிறம் பிறப்பதை ஒரு தடவையும் பார்த்ததில்லை. எனக்கு வந்து சேரும்போது அவை எப்போதும் காய்ந்து, ஒட்டப்பட்டு, எழுத்துப் போடப்பட்டிருக்கும்.

ஆனால் அது கறுத்துக்கொண்டே போனது. மை போல ஆனது.

மாமியார் வந்து எட்டிப் பார்த்தார். "இதைப் போட்டா நெசமாலுமே குழிதான் கண்ணு."

துருத் தண்ணீரில் நல்ல தண்ணீர் கலந்தேன். கஷாயத்தில் தேயிலை சேர்த்தேன், காப்பி டிகாக்ஷன் சேர்த்தேன். துண்டுகளின் பின்னால் ஏ, பி, சி என்று எழுதினேன். அடுத்த தொல்லை, எதோடு சேர்ப்பது என்பது. கம்பெனியில் பையர் அனுப்பிய ஒரு துண்டு இருக்கும், அதுதான் அளவு. இங்கே ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நடை முழுவதும் முட்டி போட்டு நகர்ந்தேன். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து கூட்டித் துடைத்த தரை அது. ஒரு நிறம் என்றே நினைத்திருந்தேன். நடுவில், கால் படும் தடத்தில், அடர்ந்த கருப்பட்டி. சுவரோரம் நெருங்க நெருங்கத் தேன் நிறம். பீரோ இருந்து நகர்ந்த இடத்தில், அதன் காலளவுக்கு, இளம் மஞ்சள். வெயில் தினமும் விழும் இடம் ஒரு மாதிரி, ஒரு நாளும் விழாத இடம் வேறு மாதிரி. இந்த வீட்டில் யார் எங்கே நடந்தார்கள், எதை எங்கே வைத்தார்கள் என்பதெல்லாம் அங்கே விரிந்து கிடந்தது. சாயம் போட்டு இதை யாரும் செய்யவில்லை. காலும் வெளிச்சமும் செய்தது. அதை நான் மூன்று நாளில் பாட்டிலில் இருந்து எடுக்கப் பார்க்கிறேன். வெட்கமாக இருந்தது.

"அத்தை, இதுல எது சேருதுன்னு பாருங்க" என்று மூன்று துண்டுகளை நீட்டினேன். "ஏ, பி, சி."

"என்ற ஊட்டுக்காரரை நடக்க வெக்கச் சொன்னா, எனக்கு ஏபிசிடி சொல்லிக் குடுக்கறயா?" என்றார். பிறகு, "அதைத் தரையில எங்கியாச்சும் போட்டுட்டு என்னைக் கூப்புடு" என்று சொல்லி அடுக்களைக்குள் போய்விட்டார்.

போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். வாசற்படியில் நின்று தேடினார். "அது ஒண்ணு. அக்கட்டால சொவத்துக்கிட்ட ஒண்ணு. மூணாவது எங்கே?"

"அங்கதானுங்க இருக்குது."

"எனக்குத் தெரீல. அப்ப அதையே போடு."

இத்தனை வருடம் வெளிச்சப் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்த எனக்கு, இப்படி ஒரு பரிசோதனை தோன்றியதே இல்லை. அப்புறம் ஒவ்வொரு கலவைக்கும் அதையே செய்தோம். நடுப் பலகைகள் இரண்டுக்கு ஒரு கலவை, சுவரோரப் பலகைகளுக்கு வேறு, இடையில் இருப்பவற்றுக்கு இன்னொன்று.

ஞாயிற்றுக்கிழமை, கீழே மெஷின் ஓடாத நாளில், பூசினேன். மகளை என் கணவர் பிடித்துக்கொண்டார். காய்ந்தபின் ஆளிவிதை எண்ணெய் தேய்த்துத் துடைத்தேன். செவ்வாய் மாலை, அறை வாசலில் நின்று பார்த்தபோது நடை முழுதாக இருந்தது. எந்த இடத்தில் ஆசாரியின் வெட்டு விழுந்தது என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை.

புதன்கிழமை காலை மாமனாரை எழுப்பி வாசலுக்கு அழைத்து வந்தேன். "சன்னலுக்குப் போலாமுங்களா மாமா?" கையை விட்டுவிட்டேன். அவர் போனார். பழையதும் புதியதும் சேரும் தொடுப்பு வந்தது, தாண்டினார். மூன்று தப்படி, நான்கு, ஐந்து. கால்கள் தளர்ந்திருந்தன, சுவரைத் தொட்டுத் தொட்டுத்தான் போனார், ஆனால் நிற்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். என் கணவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பிறகு மாமனார் திரும்பினார். வந்தார். அதே இடத்தில் நின்றார்.

"குழி கண்ணு" என்றார்.

அன்று முழுவதும் ஜன்னலோரத்தில் நாற்காலியில் இருந்தார். சாப்பாட்டை அங்கேயே கொடுத்தோம். சாயங்காலம் என் கணவரும் கீழே இருந்து வந்த கட்டிங் மாஸ்டரும் நாற்காலியோடு அவரைத் தூக்கிக் கொண்டுவந்தார்கள். கைப்பிடிகளை இறுகப் பற்றி, கண்களை மூடிக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான பனியன் மூட்டைகளை ஏற்றி இறக்கியவர், தன் வீட்டு நடையில் ஒரு மூட்டையாக வந்தார். கட்டிலில் படுத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வியாழக்கிழமை காலை எழுந்திருக்கவே மறுத்துவிட்டார்.

ஏன் போகும்போது இல்லாத குழி வரும்போது வந்தது? மனசு, நோய், அதற்கென்ன கணக்கு என்றார் என் கணவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் கிளறிவிட்டிருக்கவே வேண்டாம் என்றும் நினைத்தேன்.

அன்று பத்து மணி இருக்கும். மகள் தன் கிண்ணத்தை உருட்டி விட்டாள். அது ஜன்னலோரத்து மேசைக்கு அடியில் போய்விட்டது. எடுப்பதற்காகத் தரையில் படுத்துக் கன்னத்தைப் பலகையில் வைத்தேன். கிண்ணத்தை இழுத்துவிட்டுத் தலையைத் திருப்பினால், நடையின் நடுவில் ஆறு பலகைகள் வெளிறிப்போய் மினுங்கின. சுற்றிலும் கருப்பட்டி; அவை மட்டும் ஈயப் பாத்திரம் மாதிரி.

எழுந்து அறைப் பக்கம் ஓடிப்போய் அங்கிருந்து படுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஜன்னலின் எதிர்வெளிச்சத்தில் முழுத் தரையும் ஒரே நிறம். மறுபடி ஜன்னல் பக்கம் வந்தேன். வெளிறல். மகள் இது விளையாட்டு என்று நினைத்து என் பின்னாலேயே தவழ்ந்தாள்.

மிச்சமிருந்த ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் வைத்தேன். அடர்ந்த நிறம். அதைத் தலைகீழாகத் திருப்பாமல், கடிகார முள் போல, இருந்த இடத்திலேயே மெல்லச் சுழற்றினேன். அதே முகம்தான் மேலே இருந்தது. ஆனால் சுழலச் சுழல நிறம் வடிந்து, மறுமுனை என் பக்கம் வந்தபோது வெளிறிப் பளபளத்தது. இன்னும் அரைச் சுற்று, மறுபடி அடர்ந்தது. எத்தனை தடவை சுழற்றினேன் என்று தெரியவில்லை. ஒரே மரம், ஒரே சாயம், ஒரே வெளிச்சம். உள்ளே யாரோ விளக்கை ஏற்றி அணைப்பது போல இருந்தது.

ரோமம் எழும்ப பிரஷ் அடித்த துணி இப்படித்தான். கையால் ஒரு பக்கமாகத் தடவினால் ஒரு நிறம், எதிர்ப்பக்கம் தடவினால் வேறு நிறம். ரோமம் சாய்ந்திருக்கும் திசை அது. அதனால் கட்டிங்கில் எல்லாத் துணியையும் ஒரே திசையில்தான் விரிப்பார்கள். ஒன்-வே என்று, வெட்ட வேண்டிய வடிவங்கள் வரைந்த மார்க்கர் தாளிலேயே அம்புக்குறி இருக்கும். ஒரு சட்டையில் ஒரு கை மட்டும் திசை மாறினால், ஒரே ரோலில் வெட்டியிருந்தாலும் அந்தக் கை இரவல் வாங்கித் தைத்தது போலத் தெரியும். வருடக்கணக்கில் இதையே நான் மெயிலில் எழுதியிருக்கிறேன். மரமும் நார்தான், அந்த நார் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. நிறத்தைச் சரியாகச் சேர்த்துவிட்டு, திசையை விட்டுவிட்டேன்.

ஆசாரிக்குப் போன் செய்தேன். மதியத்துக்கு மேல் வந்தார்.

"அண்ணா, இந்த ஆறு பலகையையும் கழட்டி, தலைமாடு கால்மாடு மாத்திப் போடோணுங்க."

"ஏனுங்க அம்மிணி, ஒரே அளவுப் பலகைங்க. சுத்திப் போட்டாலும் அதே பலகைதானுங்களே?"

துண்டைத் தரையில் வைத்துச் சுழற்றிக் காட்டினேன். அவர் பார்த்தார். என் கையை விலக்கிவிட்டுத் தானே சுழற்றினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி சுழற்றினார்.

"எத்தன வருசமா மரத்துல கெடக்கறனுங்க" என்று மட்டும் சொன்னார்.

"நல்லாச் சுத்துங்க. நீங்களும் அங்கியே உக்காந்துட்டா, உங்களுக்கும் ஒரு நாற்காலி வாங்கோணும்" என்றார் மாமியார்.

ஆசாரி சிரித்துக்கொண்டே எழுந்து பழைய பலகைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். விரலால் வரிகளைத் தொடர்ந்துகொண்டே அறை வரைக்கும் போனார். "அத்தனையும் அடி தெக்க, நுனி வடக்கயுங்க. ஒண்ணு மாறலீங்க. தூணுக்கும் உத்தரத்துக்கும் நாங்களும் அடி நுனி பாப்போமுங்க. தரைப் பலகைக்கு யாருங்க பாக்கறது?"

இந்த மச்சைப் போட்டவர்கள் பார்த்திருக்கிறார்கள். மரம் நிற்கும்போது எது வேர்ப்பக்கம், எது வானத்துப்பக்கம் என்று ஒவ்வொரு பலகைக்கும் கேட்டு, அந்த ஒழுங்கில் படுக்க வைத்திருக்கிறார்கள். சாஸ்திரத்துக்காகவோ, கண்ணுக்காகவோ, எனக்குத் தெரியாது. ஆசாரி அளந்து போட்ட ஆறில் ஆறும் எதிர்த்திசையில் இருந்தன. அவர் ஒரே பலகையில் இருந்து வரிசையாக அறுத்து, அதே வரிசையில் போட்டிருந்தார். மாற்றிப் போட்டிருந்தால் பாதியாவது சரியாக விழுந்திருக்கும். திருகாணிகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் தூக்கித் திருப்பி, அதனதன் இடத்திலேயே மறுபடி பூட்டினார். ஒவ்வொரு பலகை திரும்பும்போதும் ஜன்னல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிறல் ஒவ்வொரு பட்டையாக அணைந்தது. ஆறாவது பலகை இறங்கியதும் நடை ஒரு நீளத் துணியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை மாமனாரை எழுப்ப வெகுநேரம் ஆயிற்று. முதல் தடவை எழுந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் தடவையும். மூன்றாவது தடவை மாமியார் அவர் காதருகில் என்னவோ சொன்னார், எழுந்தார். நான் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவரோடு நின்றேன். என் கணவர் மீட்டர் பெட்டியைப் பார்ப்பவர் போல நின்றார்.

போனார். ஜன்னல் கம்பியைப் பிடித்தார். சாலையில் வேன்கள் போய்க்கொண்டிருந்தன.

திரும்பினார். அவர் முகத்தைப் பார்க்கத் துணியாமல் காலையே பார்த்தேன். வலது கால் பழைய பலகையில் இருந்து எழும்பியது. காற்றில் அது நின்ற நேரம் எனக்கு நீண்டது. பிறகு புதுப் பலகையில் இறங்கியது. இடது கால். வலது கால். கடைசித் தொடுப்பையும் தாண்டி, எதையும் தாண்டியதாகவே அறியாமல், என்னையும் கடந்து அறைக்குள் போனார்.

திசையால்தானா, அல்லது குழி என்று பயந்ததையும் மறந்துவிட்டாரா? எனக்கு நிச்சயமாகத் தெரியாது. கேட்டுச் சொல்லவும் அவரால் முடியாது. ஆனால் சில நிமிடத்தில் வெளியே வந்தார், ஜன்னலுக்குப் போனார், திரும்பினார். மறுபடி வந்தார். கால் நடுக்கம் நாலாவது தடவையில் குறைந்திருந்தது.

"ஏனுங்க, கொஞ்சம் உக்காருங்க" என்றார் மாமியார், அடுக்களையில் இருந்து. "காலையில இருந்து பலகை தேய நடக்கறீங்க."

"கடை தொறக்க நேரமாச்சு" என்றார் அவர், நடந்துகொண்டே. நான் நடைக்குக் குறுக்கே நிற்பதைப் பார்த்து, "தள்ளிக்க கண்ணு" என்றார்.

நான் தள்ளிக்கொண்டேன்.